பதினோரு மூட்டைகள்

அந்த வீடியோ கேமில் நினைத்த இடத்துக்கெல்லாம் தாவ முடியாது. சத்திரத்துக்குச் சத்திரம் தாவலாம், மற்றதெல்லாம் நடைதான். மலைப்பாதையை நடந்து பார்த்துப் பிழை சொல்வது அவன் வேலை. ஒரு நடைக்கு நாற்பது நிமிடம்; அந்த வாரம் பதினோரு நடை. துணைக்கு மூட்டையோடு வயதான சுமைகாரர் ஒருவர் வருவார். அவருக்கு யாரும் வசனம் எழுதவில்லை.

அவன் பதினோரு முறையும் ஊழியர்களுக்கான ரகசிய பட்டனைத் தட்டி, அவரை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு உச்சிக்குத் தாவினான். ‘நடந்தேன், பிழையில்லை’ என்று கூசாமல் எழுதினான்.

“முழுசா நடந்தியாப்பா?” என்றார் மேலாளர்.

“காலே கடுக்குது சார்” என்று சிரித்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் கேமில் உச்சியில் நின்றபோது, கீழ் வளைவில் சுமைகாரர் ஏறி வந்தார். அவர் பின்னால் இன்னொருவர். மொத்தம் பதினோரு பேர், ஒரே முகம், ஒரே மூட்டை.

முதலில் வந்தவர் மூட்டையை இறக்கினார். “மன்னிச்சுக்கங்க தம்பி, உங்க வேகத்துக்கு எங்களால வர முடியல.”

அவன் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான். வீடு ஐந்தாவது மாடியில். லிஃப்ட் பட்டனில் விரலை வைத்தபோது, பின்னால் பலர் மூச்சு வாங்குவது கேட்டது.

திரும்பிப் பார்க்க அவனுக்கு முகமில்லை. விரலை எடுத்துவிட்டுப் படியேறத் தொடங்கினான், மெதுவாக.