பலகை நகராமல் இருக்க

தச்சர் ஓங்கி அடித்த அடியில் இரும்புக் கொக்கி எகிறிக் குதித்துச் சுவரோரம் போய் விழுந்தது.

இது ஏழாவது தடவை. காலையில் மூக்குக்கு மேல் இருந்த கோபம் இப்போது உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மேசையில் ஓட்டை போட்டாயிற்று. கொக்கியின் நேரான காலை அதற்குள் விட்டு, வளைந்த மூக்கைப் பலகைமேல் வைத்து, தலையில் ஓர் அடி. கொக்கி சாய்ந்து ஓட்டைக்குள் இறுகிக்கொள்ள வேண்டும். பலகை அசையக் கூடாது. கருவிக் கடையில் கொக்கிப் பெட்டிமேல் இருந்த படத்தில் ஒருவன் சிரித்துக்கொண்டே அதைச் செய்கிறான்.

அந்தக் கடைக்காரன் ஒரு ஜோடிக்கு யானை விலை குதிரை விலை சொன்னான். அவனிடம் இருந்த திருகு கிளாம்ப் மலிவுதான், ஆனால் அது மேசையின் ஓரத்தைத் தாண்டி உள்ளே எட்டாது. தச்சர் கடைப்படியை ஓர் உதை உதைத்துவிட்டு வந்தார். கால் பெருவிரல் இன்னும் வலிக்கிறது.

பழைய இரும்புக் கடையில், யார் வீட்டு கேட்டிலிருந்தோ கழன்று வந்த முக்கால் அங்குலக் கம்பி கிடைத்தது. கொல்லர் அதைப் பழுக்கக் காய்ச்சி வளைத்தார். வந்தது குடைக் கைப்பிடி.

"இதப் பிடிச்சிக்கிட்டு மழையில நடக்கவா?" என்று தச்சர் கத்தினார். கொல்லரும் சும்மா இருக்கவில்லை. இரண்டு பேரும் மாறி மாறிப் போட்ட சத்தத்தில், உலைக்குப் பக்கத்தில் படுத்திருந்த நாய் எழுந்து வெளியே போய்விட்டது. இரண்டாவது முறை மூக்கு சரியாக வந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் உளிகளைப் பார்த்துக்கொள்வதைப் போலவே இதையும் பார்த்துக்கொண்டார். நைஸ் உப்புத்தாள் போட்டுத் துரு போகத் தேய்த்தார். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்த பிறகும் விடாமல் தேய்த்தார். எண்ணெய் பூசினார். முப்பது வருடம் கருவி பிடித்த கை, எந்த இரும்பையும் அப்படித்தான் தொடும்.

இன்று சாயங்காலத்துக்குள் இது பிடித்தாக வேண்டும். நாளை கதவுப் பலகையை இழைக்கும்போது அவர் மனைவி அதன்மேல் உட்காரக் கூடாது.

இருபத்திரண்டு வருடமாக அவள்தான் பலகையின் முனையில் உட்கார்ந்து அதை நகராமல் பிடிக்கிறாள். கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஏறி உட்கார்ந்தவள். "நல்ல வெயிட்டு" என்று கேலி செய்து அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அவர் இழைப்பார், அவள் தெருவில் நடந்த அத்தனையையும் ஒன்று விடாமல் சொல்லுவாள்.

எட்டாவது அடி. கொக்கி வழுக்கிக்கொண்டு மேலே வந்தது.

கேட்டுக்காரனை, கடைக்காரனை, கொல்லரை, எல்லோரையும் ஒரே மூச்சில் திட்டிவிட்டுச் சுத்தியலைத் தரையில் வீசினார்.

சத்தம் கேட்டு வந்தவள் கொக்கியை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"எண்ணெயில குளிப்பாட்டி வச்சிருக்கீங்க. அப்புறம் எப்படிங்க பிடிக்கும்?"

பழந்துணியால் துடைத்தாள். முரட்டு உப்புத்தாளை எடுத்து, பளபளப்பெல்லாம் போகும்படி கொக்கியின் கால் முழுக்கக் கீறினாள். நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்க நின்றாள். அவர் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

ஒரே அடி. இந்தத் தடவை சத்தமே வேறாக இருந்தது. இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து இழுத்தார். மேசைதான் நகர்ந்தது.

"அப்போ நாளைக்கு நான் எங்க உக்கார்றது?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"எங்கயும் உக்கார வேணாம். இனிமே இந்தப் பக்கமே வராத. நீ உக்காந்து இழைச்ச பலகையெல்லாம் கோணலாத்தான் போச்சு."

பச்சைப் பொய். இத்தனை வருடத்தில் ஒரு கதவுகூடக் கோணியதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அவள் முகம் சுண்டிப்போனது. உள்ளே போய்க் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.

ஆத்திரப்படட்டும். ஒரு மாதம் பேசாமல் இருக்கட்டும். தச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு இழைப்புளியைத் தள்ளினார். பலகை நூலளவுகூட நகரவில்லை.

போன மாதம் நகர்ந்தது. முனையில் உட்கார்ந்திருந்த அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தது. இருவரும் பார்த்தார்கள். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து பலகை மறுபடியும் அசையாமல் நின்றது. மருந்து வேலை செய்கிறது, உடம்பு தேறுகிறது என்று அவர் மருத்துவரிடம் பெருமையாகச் சொன்னார். மருத்துவர் எடை எழுதிய சீட்டைக் காட்டினார். இன்னும் மூன்று கிலோ குறைந்திருந்தது. ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கவிடாதீர்கள் என்றார்.

மறுநாள் அவள் பலகையைவிட்டு எழுந்து வாசலுக்குப் போனாள். மடியில் எப்போதும் வைத்துக்கொண்டிருக்கிற தையல் பை பலகைமேலேயே இருந்தது. அதைத் தள்ளி வைக்கப் போன தச்சருக்கு இரண்டாவது கையும் தேவைப்பட்டது.

உள்ளே, பழைய துண்டில் சுற்றி, மூன்று செங்கல்.

எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிக்கவில்லை. அவள் போட்டிருந்த மாதிரியே முடிச்சைப் போட்டு, பையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, கொக்கி விலை கேட்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்.