நான்காம் முறை படித்த நாவல்

"என் சர்டிபிகேட்டக் குடுங்கப்பா."

அதை மட்டும் அப்பாவிடம் கேட்டுவிடாதே என்று ஆத்தா சொல்லியிருந்தாள். அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாக பி.ஏ. முடித்த செங்கமலம் கேட்டேவிட்டாள்.

ரத்தினவேல் சிரித்தார். "மூணு தடவ வேலைக்குன்னு கெளம்புன. மூணு தடவயும் சாயங்காலம் வந்து நின்ன. காகிதத்த வச்சு விசிறிக்கவா?"

அவர் சொன்னது உண்மைதான். மூன்று முறையும் கந்தர்வக்கோட்டையில் தஞ்சாவூர் பஸ் ஏறினாள். வழியில் கண்ணயரவே இல்லை. பஸ் அவளைக் கந்தர்வக்கோட்டையிலேயே இறக்கிவிட்டது. கையில் தஞ்சாவூர் டிக்கெட் இருந்தது.

கல்லூரியில் பரிசாகக் கிடைத்த நாவலிலும் அப்படி ஓர் ஊர். புறப்பட்டவர்கள் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். ஊர் என்பது உடம்பு, பயணி ஆன்மா என்று முன்னுரைக்காரர் பத்துப் பக்கம் அளந்திருந்தார். நேற்று நான்காம் முறை படித்தபோதுதான் செங்கமலம் கவனித்தாள். திரும்பியவர்கள் எல்லாரும் "போயிட்டு வாரேன்" என்று சொல்லித்தான் புறப்பட்டார்கள். ஒருத்தி மட்டும் "போறேன்" என்கிறாள். அதற்குப் பிறகு அவள் பெயர் புத்தகத்தில் எங்குமே இல்லை.

ரத்தினவேல் பெட்டியைத் திறந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். "இந்தா, சாயங்காலம் எடுத்த எடத்துல வச்சிரு."

ஆத்தா வாசல்வரை வந்தாள். "போயிட்டு வாரேன்னு சொல்லு தாயி."

"போறேன் ஆத்தா."

செங்கமலம் படியிறங்கினாள். பத்தடி போவதற்குள் ஆத்தா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"ஏ பொண்ணு, நீ யாரு வீட்டுப் புள்ள? ஒம் பேரு என்ன?"

செங்கமலம் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தாள்.