இடுப்பை விட்டு இறங்காத துப்பாக்கி

அரிசோனா மாநிலத்திலேயே பெரிய துப்பாக்கிக்காரரை, முட்டி தேய்ந்த ஓய்வூதியக்காரனான நான், கை துடைக்கும் காகிதத்தை வைத்தே நிராயுதபாணியாக்கினேன்.

நெடுஞ்சாலை உணவகம். பக்கத்து மேசையில் மலைபோல் ஓர் ஆசாமி, இடுப்பில் மூடிபோட்ட துப்பாக்கித் தோலுறை. அங்கிருந்த ஒரே கழிவறையிலிருந்து வந்த நான் தொப்பியை மேசைமேல் கவிழ்த்து வைத்து உட்கார்ந்தேன். என் கோபத்தில் ஆறிப்போன காபி மறுபடி கொதித்தது.

“பான்கேக் தின்ன எதுக்கு சார் துப்பாக்கி? பான்கேக் எழுந்து கடிக்குமா?”

அவர் புன்னகைத்தார். “நல்ல கேள்வி சார். சட்டம் அனுமதிக்குது. பாதுகாப்புக்குத்தான்.”

“இதோ, என் பேத்தி ஹேட்டிக்கு ஆறு வயசு. இவ கையில அது சிக்கினா?”

“சிக்காது சார். நான் பொறுப்பானவன். இது என் இடுப்பை விட்டு இறங்காது.”

“யாராவது எடுத்துட்டா?”

“என்கிட்டருந்தா? நான் உயிரோட இருக்கிறவரை நடக்காது சார்.”

குரல் ஒரு நூல்கூட உயரவில்லை. எனக்கோ காது வழியாகப் புகை வந்தது.

“தாத்தா, பாத்ரூம் போகணும்” என்று நெளிந்தாள் ஹேட்டி.

“இப்ப தைரியமா போ, கண்ணு.”

அவள் போனதும் தொப்பியைத் தூக்கினேன். அடியில், காகிதத்தில் சுற்றிய கைத்துப்பாக்கி.

“கழிவறையில காகிதச் சுருள் பெட்டி மேல வச்சிட்டு வந்திருக்கீங்க!” என்று கத்தினேன். “குண்டெல்லாம் என் பையில இருக்கு. எனக்கு அடுத்து அங்க போக இருந்தவ இவய்யா!”

அவர் தோலுறையின் மூடியைத் திறந்தார். உள்ளே காற்றுதான் இருந்தது. மலை மடுவாகிவிட்டது.

“நடந்துடுச்சு சார்” என்றார்.