தெருவுக்கே ஒரு டாக்டர்

சுஹைலா ஒழுங்காகத் தூங்கிப் பல நாளாகிவிட்டது. இன்று யாரிடமாவது சொல்லி மருந்து வாங்கிவிடுவது என்று, அம்மா மாட்டிய ‘டாக்டர் சுஹைலா’ பெயர்ப்பலகையைத் தாண்டி, கெய்ரோ வெயிலில் இறங்கினாள்.

“டாக்டரம்மா, என் முழங்கால் மடங்கவே மாட்டேங்குது,” என்று வழிமறித்தார் இஸ்திரிக்கடை ரமதான்.

“வெந்நீர் ஒத்தடம் கொடுங்க மாமா,” என்று நழுவினாள்.

மருந்துக்கடைக்காரர் தெருவுக்குப் புதிது. “சீட்டு இல்லாம தூக்க மாத்திரை கிடையாதும்மா.”

முழங்காலோடு பின்னாலேயே வந்த ரமதான் சிரித்தார். “யாருக்கு யாருய்யா சீட்டு எழுதுறது? தெருவுக்கே ஒரே டாக்டர் இவங்கதான்!”

கடைக்காரர் பதறி எழுந்தார். “மன்னிக்கணும் டாக்டர்! நைட் டியூட்டியா? கண்ணே சொல்லுதே. நீங்களே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திடுங்க.”

தாளும் பேனாவும் அவள் முன்னால் வந்தன. ரமதான் தைலம் வாங்கிக்கொண்டு போகும்வரை பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் எழுதக் கூடாது சார். எனக்குப் பதினேழு வயசு. நாளைக்குத்தான் பள்ளி இறுதிப் பரீட்சை. அதுல மார்க் வந்தாத்தான் மருத்துவக் கல்லூரி. அம்மா ஆசையில இப்பவே பலகை மாட்டிட்டாங்க, தெருவும் டாக்டர்னே கூப்பிடுது. பயமா இருக்கு சார். மூச்சு முட்டுது.”

அப்பாடா, ஒருவரிடம் சொல்லியாகிவிட்டது.

கடைக்காரர் அவளைக் கனிவோடு பார்த்தார். பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

“அட, இதுக்கா பயம்? அல்லா பார்த்துப்பான். தைரியமாப் போங்க, டாக்டர்!”