பச்சை நூல்

அருந்ததி கூறைச்சேலையில் கத்தரிக்கோலை வைத்தாள்.

ஒரு சதுரம் வெட்டினாள். பிறகு இன்னொன்று.

கட்டில் விரிப்பு முடிய இன்னும் ஒன்பது சதுரங்கள் வேண்டும். சந்தியில் இருக்கிற தையற்கடையில் வெட்டுத்துண்டு கேட்டால் இப்போது சிரிக்கிறார்கள். சண்டையென்று ஆமி துணியே இந்தப் பக்கம் வர விடுகிறதில்லை, பிறகெங்கே துண்டு.

துண்டுகளைப் பொருத்தித் தைப்பது அவளுக்குச் சும்மா ஒரு பொழுதுபோக்கு. இந்த ஒரு வருடத்தில் நாலு தலையணை உறை, சாமியறைக்கு ஒரு திரை, பக்கத்துவீட்டு நல்லம்மாவின் சைக்கிள் சீற்றுக்கு ஒரு உறை. குண்டுக்கு ஒளிக்கிற பங்கருக்கு மண்மூட்டை தைக்கச் சொன்னபோதும் பழஞ்சேலைகளைப் பூவுக்குப் பூ பொருத்தித்தான் தைத்துக் கொடுத்தாள். குண்டு போட வருகிற பொம்பர்க்காரன் மேலே நின்று பார்த்து ரசிக்கட்டும் என்று நல்லம்மா நக்கலடித்தாள்.

அருந்ததியும் சிரித்தாள். சிரிப்பு, சாப்பாடு, நித்திரை எல்லாம் அந்தந்த நேரத்துக்கு நடந்துகொண்டுதான் இருந்தன. உள்ளே மட்டும் ஒன்றுமில்லை.

புருசன் சண்முகநாதன் சைக்கிளில் வாழைக்குலை கட்டிக்கொண்டு நீர்வேலியிலிருந்து கொடிகாமம் சந்தைக்குப் போனவன். அன்றைக்குச் சந்தைப் பக்கம் குண்டு விழுந்தது. அவன் வீடு திரும்பவில்லை.

வன்னிக்குப் படகேறுகிற கிளாலிப் பக்கம் அவன் போனதைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மாமி கமலாவதி இன்றுவரை மகனுக்கும் சேர்த்து ஒரு சுண்டு அரிசி உலையில் போடுகிறாள். இரவில் மூடிவைக்கிற அந்தச் சோறு காலையில் பழஞ்சோறாகிவிடும். மாமியும் மருமகளும் அதைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள்.

அருந்ததியும் தினமும் பொட்டு வைக்கிறாள்.

கூறை கலியாணத்தன்று கட்டுகிற சேலை. புருசன் உயிரோடிருக்கப் பெண் செத்தால் அதை உடுத்தித்தான் சுடலைக்கு அனுப்புவார்கள். புருசன் முந்திவிட்டால் பிறகு அதற்கு வேலையில்லை. அதை வெட்டுகிறவள் என்ன சொல்கிறாள் என்று யாருக்கும் விளங்கும். மாமிக்கும் விளங்கும்.

அதனால்தான் அவள் ஒரு வருடமாகப் பெட்டியைத் திறக்கவில்லை. இன்றைக்குத் திதி. திவசம் செய்ய வழியில்லாதவள் வேறென்ன செய்ய.

குண்டு விழுந்த மறுநாள் ஆஸ்பத்திரி விறாந்தையில் உடுப்புகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். ஆட்களைப் பார்க்க விடவில்லை. பார்த்தாலும் இன்னார் என்று மட்டுப்பிடிக்க ஏலாது என்றார்கள்.

ஐந்தாவதாக ஒரு வெள்ளைச் சட்டை கிடந்தது. கமக்கட்டில் ஒட்டு. ஒட்டைச் சுற்றிப் பச்சை நூல்.

வெள்ளை நூல் எங்கும் கிடைக்காத நேரம் பழைய யன்னல் சீலையிலிருந்து உருவிய நூலால் அவள்தான் அதைத் தைத்தாள். வெள்ளையில் பச்சை எடுப்பாகத் தெரிகிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“கமக்கட்டுக்குள்ளை ஆர் பாக்கப் போகினம்?” என்று சொல்லிவிட்டு அவன் போட்டுக்கொண்டு போனான்.

விறாந்தையில் மாமி அவளுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமி இதைத் தாங்கமாட்டாள் என்று அருந்ததிக்குப் பட்டது. குனிந்து சட்டைக்கையை மடித்து ஒட்டை மறைத்தாள். இது இல்லை என்று தலையாட்டினாள். மாமி அவளோடு அடுத்த உடுப்புக்கு நகர்ந்தாள்.

கேட்டு வர ஆளில்லாதவர்களை ஒன்றாக எரித்துவிடுவார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டாள். கொள்ளி வைக்க ஒருவரும் இல்லாமல் அவனை அங்கே விட்டுவிட்டு வந்துவிட்டாள். மாமி உயிரோடிருக்க வேண்டுமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அது ஒரு நாளும் போதவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அடுத்த நாள் விடிய மாமி தன் தம்பி ஏரம்புவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கென்று போய்ப் பின்னேரம்தான் வந்தாள். இரண்டு பேரும் தலைமுழுகி ஈரத்தோடு நின்றார்கள். ஏரம்பு மாமா தலையும் மீசையும் வழித்திருந்தார். மருமகன் சுகமாகத் திரும்பி வர வைத்த நேர்த்தி என்றார். அதைக் கேட்டபிறகு அருந்ததியால் வாய் திறக்கவே முடியாமல் போயிற்று.

மூன்றாவது சதுரத்தை வெட்டி, மெசினுக்குத் தேங்காயெண்ணெய் இரண்டு துளி விட்டாள். அப்போதுதான் மாமி அறைக்குள் வந்தாள். இன்றைக்கும் விடியவே முழுகியிருந்தாள். ஈரக்கூந்தல் நுனியில் முடிந்திருந்தது.

மேசையில் சிவப்புச் சதுரங்கள் கிடந்தன. மாமி அவற்றைப் பார்த்தாள். வெட்டுப்பட்ட கூறையையும் பார்த்தாள்.

அருந்ததி எழுந்து நின்றாள். சொல்லத்தான் வேண்டும்.

மாமி திரும்பிப் போனாள். அடுத்த அறையில் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்து மேசையில் அவள் வைத்தது ஒரு வெள்ளைத் துணித்துண்டு. தோய்த்து மடித்திருந்தது. நடுவில், பச்சை நூலால் தைத்த ஒட்டு.

“நீ தாங்கமாட்டாய் எண்டுதான் சொல்லேல்லை, பிள்ளை. கொள்ளி ஏரம்பு வைச்சவன். இதையும் சேத்துத் தை.”

அருந்ததி அந்தத் துண்டை எடுத்து ஒரு சிவப்புச் சதுரத்தின்மேல் வைத்துப் பார்த்தாள்.

அளவு சரியாக இருந்தது. விரிப்பின் சதுரத்துக்கென்றே அதை வெட்டி வைத்திருந்தாள் மாமி.