பத்து மணிப் படகு

"என் ஜன்னல் என்ன சர்க்கஸ் கூடாரமா? தினமும் பத்து மணிக்கு உங்க படகு வந்து நிக்குது. மைக் பிடிச்ச அந்தப் பொண்ணு என்னைக் கைகாட்டி ஏதோ சொல்லுது. படகு மொத்தமும் திரும்பிச் சிரிக்குது!"

சுற்றுலாப் படகு ஆபீஸில் மேஜையைத் தட்டினார் கண்டக்டர். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"என்ன சொல்லிச்சுன்னு காதால கேட்டீங்களா சார்?"

"மோட்டார் சத்தத்துல எங்க கேக்குது?"

"கேட்டு எழுதிக் கொடுங்க. அன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கிடறோம்."

விடுவாரா? ஒரு சொல் பொறுக்காமல் பெற்ற மகனோடு ஆறு வருஷமாகப் பேசாதவர். மறுநாளே புகாரை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் படகின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். புகாரில் அவள் என்ன சொன்னாள் என்கிற இடம் மட்டும் காலி.

கால்வாய் நகரத்தின் முதுகுப்பக்கமாகவே போனது. காயும் துணிகள், ஏசிப் பெட்டிகள், பூட்டிய கொல்லைக் கதவுகள். பாலத்துக்குப் பாலம் அவள் கதை சொன்னாள். ஜோடி ஜோடியாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். கண்டக்டர் பக்கத்து சீட்டில் யாருமில்லை.

அவர் வீடு நெருங்கியதும் படகு வேகம் குறைந்தது.

"அடுத்தது பச்சை ஜன்னல். அங்க ஒரு தாத்தா தனியா இருக்கார். எல்லாரும் கையாட்டுங்க. கண்டபடி திட்டுவார். திட்டினா நல்லா இருக்கார்னு அர்த்தம்!"

படகே சிரித்தது. கைகள் உயர்ந்தன.

ஜன்னல் மூடியிருந்தது.

"என்னது... மூணு வருஷத்துல ஒருநாள்கூடத் தவறினதில்லையே." அவள் மைக்கைக் கீழே வைத்தாள். "அண்ணே, படகைக் கரையில ஒட்டுங்க."

"வேணாம்மா," என்றார் படகோட்டி. "ஏற்கெனவே உன்மேல யாரோ புகார் சொல்லியிருக்காங்க. வேலை போயிடும்."

"போகட்டும். மூணாவது வீட்டு அம்மா செத்துக் கிடந்ததை நாலு நாள் கழிச்சுத்தானே பார்த்தாங்க? மறந்துட்டீங்களா?"

படிக்கட்டில் தாவி ஏறி ஓடினாள்.

'இதோ இங்க இருக்கேன்' என்று சொல்லத்தான் எழுந்தார் கண்டக்டர். நெரிசல் பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்ட குரல், இன்று தொண்டையைத் தாண்டவில்லை.

"தாத்தா! தாத்தா! கதவைத் திறங்க!"

ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் வீட்டுக் கதவை ஒருத்தி தட்டுகிறாள். திறக்கத்தான் உள்ளே ஆளில்லை.