வெள்ளையாய் வந்த துணி

ராணுவம் வேண்டாமென்று விற்ற பழைய கைத்துப்பாக்கி, பெட்டிக்குள் எண்ணெய்க் குப்பியிடம் ஓயாமல் போர்க்கதை சொல்லும்.

"பனிமலை முழுக்க என் சத்தம்தான்டா!"

குப்பி சொக்கிப்போய்க் கேட்கும்.

வாரந்தோறும் குழலைத் துடைக்கும் பனியன் துணிக்கு மட்டும் உண்மை தெரியும். அது எப்போதும் வெள்ளையாகவே வெளியே வரும்.

"ஒரு தடவைகூடச் சுட்டதில்லையா அண்ணே?" என்று கேட்டது துணி.

"குப்பிகிட்ட சொல்லிடாத தங்கச்சி. அவன் ஒருத்தன்தான் என்னை மதிக்கிறான்."

ஒருநாள், துப்பாக்கியை விலைக்கு வாங்கியிருந்தவர் அதை எடுத்துப்போய், மண்மேட்டில் வைத்த தகர டப்பாவைச் சுட்டார்.

அன்று துணி கரியோடு வெளியே வந்தது. குழல் இன்னும் சூடாக இருந்தது.

"இன்னிக்கு என்ன கதைண்ணே?" என்று ஆசையாகக் கேட்டது குப்பி.

"டப்பாடா. சும்மா ஒரு டப்பா," என்றது துப்பாக்கி. "அதுல விழுந்த ஓட்டை வழியா வானம் தெரிஞ்சுது."

அதன் பிறகும் அது பனிமலைக் கதை சொன்னது. ஆனால் அதில் துப்பாக்கிச் சத்தமே இல்லை; பனி மட்டும் பெய்துகொண்டிருந்தது.